பாட்டுக்குள் ஒரு ஹாரன்

டிஜே என்றால் அடுத்தவர் பாட்டைப் போடுகிறவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் அம்மாவுக்கு இன்றுவரை இது புரியவில்லை. ஒருவர் செய்த பாட்டின் வால் முடிவதற்குள் இன்னொருவர் பாட்டின் தலையை அதன்மேல் ஏற்றி, நடுவில் தாளம் உடையாமல் ஒரு மணி நேரம் கொண்டுபோக வேண்டும். அப்படிக் கோத்ததை முழுசாக வெளியிட்டால் அது மிக்ஸ் ஆல்பம். யார் பாட்டை எடுக்கிறோம், எதற்குப் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் சாமர்த்தியம். சில டிஜேக்கள் மட்டும் மிக்ஸ் முழுவதையும் தாங்களே செய்த எலக்ட்ரானிக் இசையால் நிரப்பிவிடுவார்கள். கல்லூரியில் படித்தபோது அவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ஊரையே விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, எல்லா இலையிலும் தானே உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று விடுதித் தோழியிடம் சண்டையே போட்டிருக்கிறேன்.

கொல்லிமலைக்கு வந்த பிறகு நானும் அப்படி ஆகிவிட்டேன்.

குண்டனி நாட்டில், மலையில் ஊராட்சியை நாடு என்றுதான் சொல்வார்கள், ஓர் அரசுப் பள்ளியில் தற்காலிகக் கணினி ஆசிரியர் வேலை கிடைத்தது. சோளக்காட்டில் ஒரு கடைக்கு மேலே அறை. மற்ற ஆசிரியர்கள் தினமும் கீழே போய் வருகிறவர்கள். சாயங்கால பஸ் வந்தால் பேச்சை அப்படியே பாதியில் விட்டுவிட்டு ஏறிவிடுவார்கள். பழக்கடைக்காரர்கள் பலாவின் மேல் சாக்கைப் போட்டு மூடுவார்கள். அப்புறம் மலையில் எனக்குத் தெரிந்தவர் என்று யாரும் இல்லை. லேப்டாப் இருந்தது. ஜன்னலின் வலது மூலையில் போனை வைத்தால் சிக்னலும் இருந்தது. சனி, ஞாயிறு வீட்டுக்கு ஓடிவிட்டு, திங்கட்கிழமை விடிந்ததும் நாமக்கல்லில் பஸ் ஏறிவிடுவேன்.

முதலில் முறையாகத்தான் ஆரம்பித்தேன். எங்கெங்கோ இருக்கிறவர்களின் பாட்டுகளை எடுத்துக் கோத்தேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வேகம் ஒத்துவராத இடங்களில் நானே அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று ஒட்டுத்துண்டு செய்து போட்டேன். இணையத்தில் ஏற்றினால், உரிமை எங்களுடையது என்று ஒவ்வொரு பாட்டாக அடைத்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் பார்த்தால் நான் செய்த ஒட்டுத்துண்டுகள் மட்டும் மிச்சம். ஆற்றை எல்லாம் எடுத்துக்கொண்டு பாலங்களை மட்டும் விட்டுப்போன மாதிரி. சரி, பாலங்களையே நீட்டுவோம் என்று உட்கார்ந்தேன்.

அதற்குச் சத்தம் வேண்டும். போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். தகரக் கூரையில் மழை, காயவைத்த மிளகைக் காலால் துழாவுகிற சரசரப்பு, மரவள்ளி மூட்டையை லாரிக்குள் எறியும்போது வருகிற அந்த 'தொம்'. அந்தத் தொம்தான் என் மிக்ஸ் முழுவதற்கும் அடிநாதம். ஒருநாள் காலை, வளைவு ஒன்றின் ஓரமாகப் பனிமூட்டத்தில் நின்றுகொண்டிருந்தபோது ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. வண்டி தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. அடித்துவிட்டுச் சற்றுப் பொறுத்தது. மேலே இருந்து பதில் இல்லை என்றதும் ஏறிப் போய்விட்டது.

கொல்லிமலை ரோட்டில் இது வழக்கம். எழுபது ஊசி வளைவுகள். பனி இறங்கினால் எதிரே வருவது லாரியா, பால்வண்டியா என்று வளைவில் தெரியாது. ஹாரன் அடிக்க வேண்டும், காதுகொடுக்க வேண்டும். எதிரே யாராவது இருந்தால் திருப்பி அடிப்பார்கள். அப்போது நின்று வழிவிட வேண்டும். அன்று நான் பிடித்த ஹாரனுக்குப் பதில் வரவில்லை. அதனாலேயே எனக்கு அது பிடித்துப்போனது. மிக்ஸின் நடுவில் தாளம் எல்லாம் அடங்குகிற ஓர் இடத்தில் அதை வைத்தேன். ஒரு தடவை அடிக்கும், எட்டுத் தட்டு சும்மா இருக்கும், மறுபடி அடிக்கும், இப்படியே ஒன்றிரண்டு நிமிடம்.

மிக்ஸை ஏற்றினேன். கேட்டவர்கள் எண்ணிக்கையில் பாதி என் லேப்டாப், மீதிப் பாதி என் போன். விடுதித் தோழிக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரலை அனுப்பினாள். கேட்டாளா என்று நான் கேட்கவில்லை. பாராட்டெல்லாம் வேண்டாம், நல்லா இல்லை என்றாவது யாராவது ஒருவர், என் காதைத் தவிர இன்னொரு காது, சொல்லிவிடாதா என்றுதான் இருந்தது.

அப்போதுதான் ஒரு திங்கட்கிழமை, நான் வழக்கமாக ஏறுகிற பஸ்ஸின் டிரைவர் கூப்பிட்டார். ஐம்பது வயது இருக்கும். தினமும் மலை ஏறி இறங்குகிறவர்.

"ஏனுங்க டீச்சரம்மா, நீங்க கம்ப்யூட்டர் டீச்சருதானுங்க? நம்ம பென் டிரைவ் செத்துப்போச்சாட்டம் இருக்குது. புதுசு வாங்கிட்டேன். நல்ல பாட்டா ஏத்திக் குடுங்க கண்ணு."

"என்ன பாட்டுங்க வேணும்?"

"எதுவோ. ஏறி முடிக்கிற வரைக்கும் தூக்கம் வரக் கூடாது, அவ்வளவுதானுங்க."

கண்டக்டர் குறுக்கே வந்தார். "சோகப் பாட்டு மட்டும் வேண்டாங்க டீச்சர். போன தடவ அண்ணன் அழுதுட்டே ஓட்டுனாரு."

"உன்ர சீட்டக் கிழிக்கிற வேலையப் பாருடா."

வாரம் முழுக்கச் சினிமாப் பாட்டாகச் சேர்த்தேன். எல்லாம் ஏற்றிய பிறகு, முதல் கோப்பாக என் மிக்ஸை வைத்தேன்.

அடுத்த திங்கள், அடிவாரத்துக் காரவள்ளியில் டீ குடித்துவிட்டு வந்து டிரைவர் நான் கொடுத்த பென் டிரைவைச் சொருகினார். நான் அவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் இருந்தேன். என் தொம் கண்ணாடிக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் இறங்கியபோது சீட்டின் கம்பி அதிர்ந்தது. அந்த அறையில் எத்தனையோ தடவை கேட்டதுதான். ஆனால் கம்பி அதிர்ந்து நான் பார்த்ததில்லை. மற்றவர்களின் முகங்களைப் பார்த்தேன். ஒருவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த சுகாதார நிலைய நர்ஸ் அக்கா யாரிடமோ போனில் குழம்புக்கு உப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால், காலிச் சாக்குகளை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா, முந்தின நாள் சந்தையில் மிளகு விற்றுவிட்டுத் திரும்புகிறவர், முன்னால் எட்டிக் கேட்டார்:

"ஏனுங்க கண்டக்டரே, பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?"

"இதுதானுங்க பாட்டு."

"அட, மேளம்தானுங்க அடிச்சுட்டே இருக்கான். ஆரும் பாடக் காணமே."

"பாடறவன் அடுத்த பஸ்ஸுல வாரானாட்டம் இருக்குது."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

பாதி மலை ஏறியபோது பனி வந்தது. ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றினார்கள். டிரைவர் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். ஒரு வளைவில் தாளம் எல்லாம் அடங்கியது. மிக்ஸில் அடுத்து என்ன வரும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஹாரன்.

டிரைவர் சட்டென்று பிரேக்கை மிதித்தார். சாக்குகள் அந்த அம்மாவின் மடியிலிருந்து சரிந்தன. வண்டியை ஓரத்தில் ஒதுக்கி நிறுத்திவிட்டு, தன் ஹாரனைத் திருப்பி அடித்தார், நீளமாக. எட்டுத் தட்டு அமைதி. மறுபடி ஸ்பீக்கரில் ஹாரன். அவர் மறுபடி அடித்தார்.

சொல்லியிருக்க வேண்டும். பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என் பாட்டுக்கு ஒருவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அது முடிந்துவிடக் கூடாது என்று இருந்தது.

"வரட்டும், பெரிய வண்டியாட்டம் இருக்குது," என்றார் டிரைவர். கண்டக்டர் இறங்கி வளைவுவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அண்ணே, அக்கட்ட ஒண்ணுமே இல்லீங்க. ரோடு காலியா கெடக்குது."

ஸ்பீக்கர் மறுபடி அடித்தது. கண்டக்டர் தலையைத் தூக்கி அதைப் பார்த்தார். "அண்ணே! பாட்டுலதானுங்க கத்துது!"

பஸ்ஸில் எழுந்த சிரிப்பு காரவள்ளியில்கூடக் கேட்டிருக்கும். டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. பென் டிரைவைப் பிடுங்கினார்.

"எவன்டா பாட்டுக்குள்ள ஹாரன வெச்சவன்? வளைவுல வெளையாடற வெளையாட்டா இது?"

"நான்தாங்க," என்றேன். "அது நான் பண்ணின பாட்டுங்க."

நர்ஸ் அக்கா போனை இறக்கினார். "நீ பண்ணினதா? நீ பாடுவியா சாமி?"

"இல்லீங்க அக்கா. பாட மாட்டேன்."

"அப்பறம் என்ன பண்ணினே?"

டிரைவர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார், கியரைப் போட்டார். மிச்ச வளைவுகள் பாட்டில்லாமலே ஏறின. ஒவ்வொரு வளைவிலும் அவர் அடித்த ஹாரன் மட்டும் கேட்டது.

சோளக்காட்டில் எல்லாரும் இறங்கிய பிறகு பென் டிரைவை நீட்டினார். கோபம் அடங்கியிருந்தது.

"அது எங்க புடிச்ச ஹாரன் கண்ணு?"

"ரோட்டோரம் நின்னு புடிச்சதுங்க. எந்த வண்டின்னு தெரியாதுங்க."

"நம்ம வண்டிதானுங்க அது. ஏறி வாரப்பவே தோணுச்சு. கடைசில கொஞ்சம் தொண்ட கட்டுனாப்புல இழுக்குது பாருங்க, வேற எந்த வண்டிக்கும் அப்படி இல்ல." கைத்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நானே அடிச்சிருக்கிறேன், நானே ஒதுங்கி நின்னிருக்கிறேன். எவனோ வாரான்னு."

பிறகு ஸ்டியரிங்கைத் தட்டினார். "அத எடுத்துப்புட்டு வெறும் சினிமாப் பாட்டாக் குடுங்க. ஆளுங்க கேக்கறாங்க."

"சரிங்க."

அன்று சாயங்காலம் ஆசிரியர்கள் எல்லாம் இறங்கிப்போன பிறகு லேப்டாப்பைத் திறந்தேன். அவர் திருப்பி அடித்த ஹாரன் என்னிடம் இல்லை. ஓடிக்கொண்டிருந்தது என் பாட்டு. பதிவு செய்ய எனக்குத் தோன்றவே இல்லை. பழைய ஹாரனையே எடுத்துச் சுருதியைக் கொஞ்சம் இறக்கி, தூரத்தில் இருந்து வருகிற மாதிரி எதிரொலி சேர்த்து, எட்டுத் தட்டு தள்ளி வைத்துப் பார்த்தேன். பதில் மாதிரியே இருந்தது. இன்னொரு இலையில் மறுபடி நானே போய் உட்கார்ந்துகொண்ட மாதிரியும் இருந்தது. அதை அழித்தேன். முதல் ஹாரனையும் அழித்தேன். அந்த இடத்தில் வேறு எதையும் போட்டு நிரப்பவில்லை. வெறும் இடமாகவே விட்டு, மிக்ஸை மறுபடி ஏற்றினேன்.

அடுத்த திங்கள் சினிமாப் பாட்டு பஸ்ஸை நிறைத்தது. சாக்கு அம்மா தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். "இப்பதான் ஆளு வந்து சேந்தான்," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் மிக்ஸைக் கேட்டபடி வந்தேன். தாளம் அடங்குகிற இடம் வந்து, அந்தக் காலி இடமும் வந்து போனது. தொம் திரும்பத் தொடங்கிய பிறகுதான் டிரைவர் வளைவில் ஹாரன் அடித்தார். ஹெட்போனைத் தாண்டி உள்ளே வந்தது, தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், கடைசியில் கொஞ்சம் தொண்டை கட்டி. நான் ஹெட்போனைக் கழற்றினேன். டிரைவர் வேகத்தைக் குறைத்துக் காதுகொடுத்தார். நானும் காதுகொடுத்தேன்.

எதிரே எதுவும் வரவில்லை. அவர் வளைவை ஒடித்து மேலே ஏறினார்.