வாலாஜாபாத்தில் நின்ற இரண்டு சைக்கிள்கள்

போன வருடம் பொங்கல் முடிந்த மறுவாரம் நடந்தது இது. வாலாஜாபாத்தைத் தாண்டி ஒரகடம் போகிற சாலை, காலை பதினொன்றரை மணி. ஆறு நாட்களாகச் சைக்கிள் மிதித்து வந்துகொண்டிருந்த நானும் என் மனைவியும், இன்னும் பதினெட்டு கிலோமீட்டர் போனால் முடிந்தது என்கிற இடத்தில் நின்றுபோனோம்.

எதற்காக மிதித்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பரமக்குடிப் பக்கம். என் ஊருக்கு அடுத்த ஊர்க்காரன் ஒருவனும் நானும் ஒன்றாகத்தான் இங்கே ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தோம். கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் ஒரே கம்பெனி, ஒரே வாடகை அறை. ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது அவன் மேல் லாரி மோதி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. செயற்கைக் கால் பொருத்த எங்களிடம் இருந்ததெல்லாம் போதவில்லை. இப்படி யாருக்காவது உதவி திரட்டச் சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்களைப் போனில் பார்த்திருந்தோம். அவன் ஊரிலிருந்து எங்கள் கம்பெனி வாசல் வரை நாங்கள் மிதிப்பது, தினமும் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போட்டோவும் அவன் கதையும் போடுவது என்று முடிவு செய்தோம்.

'நாங்கள்' என்று வந்தது என் மனைவியால்தான். அவள் இங்கேயே, மண்ணூர் பக்கத்துப் பெண். செல்போன் பாகங்கள் பூட்டும் கம்பெனியில் வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்து சைக்கிள் ஓட்டுகிறவள், என்னைவிட நன்றாகவே ஓட்டுவாள். "நீ தனியா போனா பாதில பஸ் ஏறிடுவ. நானும் வரேன்" என்றாள். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. "ஹனிமூனுக்கு சைக்கிள்ல போற ஜோடிய இப்பதான்யா பாக்கறேன்" என்று மாமனார் சர்ச் வாசலில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எழுதி வைத்துவிட்டால் எல்லாம் சரியாக நடக்கும் என்று ஒரு நம்பிக்கை எனக்கு உண்டு. கம்பெனியில் நான் லைன் லீடர், ஒயர் சொருகும் ஒரு வரிசைக்குப் பொறுப்பாள். லைனில் மணிக்கு ஒருமுறை போர்டில் 'டார்கெட்' எவ்வளவு, 'ஆக்சுவல்' எவ்வளவு என்று எழுதுவோம். அதேபோல ஆறு நாளுக்கும் மணிவாரியாக எழுதி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு என் ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டேன். சாப்பாட்டுக்கு இத்தனை நிமிடம், தண்ணீருக்குப் பத்து நிமிடம், எல்லாம் அதில் இருந்தது. ஒவ்வொரு தண்ணீர் நிறுத்தத்திலும் அவளும் பாட்டிலை வாயில் வைத்து எடுத்தாள். நான் ஒரு டிக் போட்டுக்கொண்டேன்.

கடைசி நாள் பிற்பகல் இரண்டு மணிக்குக் கம்பெனி வாசலில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இரண்டு மணிக்கு மதிய ஷிஃப்ட் பஸ்கள் வரும், இரண்டரைக்குக் காலை ஷிஃப்ட் வெளியே வரும். அந்தச் சமயத்தை விட்டால் இரண்டு ஷிஃப்ட் ஆட்களையும் ஒன்றாகப் பிடிக்க முடியாது. ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கம்பெனி அதிகாரி ஒருவர் வர ஒப்புக்கொண்டிருந்தார். விபத்துக்குப் பிறகு அறையை விட்டே வராத என் நண்பன் அன்றைக்கு முதல் முறையாக ஊன்றுகோலோடு வாசலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். நாங்கள் வராவிட்டால் கூட்டம் கலைந்துவிடும், அவனுக்குச் சேர வேண்டியது சேராது. இதுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வந்தவாசியில் விடிவதற்கு முன்பே கிளம்பியும், வாலாஜாபாத் வருவதற்குள் கணக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கிவிட்டது; கடைசி நாளுக்கென்று கையிருப்பாக வைத்திருந்த நேரமெல்லாம் கரைந்துபோயிருந்தது. அவள் மெதுவாகிக்கொண்டே வந்தாள். நான் முன்னால் போவதும் நின்று திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தேன்.

"வெரசா மிதி. ஒன்றரை மணி நேரம் டவுன்டைம் ஆயிருச்சு" என்றேன், லைன் நின்றுபோகும்போது சொல்கிற அதே வார்த்தையில்.

"இது இன்னா உன் லைனா? நான் உன் ஆப்பரேட்டரா?" என்றாள். வழக்கமாக இப்படிச் சொன்னால் பின்னாலேயே ஒரு சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் அவளைக் காணவில்லை. ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். தொட்டால் நெருப்பாகக் கொதித்தது.

"எப்ப இருந்து?"

"முந்தாநாள்லேர்ந்து. ஒண்ணுக்குப் போனா எரியுது. இன்னிக்கு ரத்தமாட்டம் வருது."

"தண்ணி குடிச்சேல்ல?"

"குடிச்சா எங்க போவேன்? நீ பாட்டுக்கு மரத்தாண்ட ஒதுங்கிட்டு வந்துடற. பங்க்ல பாத்ரூம் கேட்டா சாவி இல்லன்றான். சாவி இருந்தா கதவு இல்ல." மூச்சு வாங்கியது அவளுக்கு. "கம்பெனிலயும் இதான. ஷிஃப்ட்டுக்கு ரெண்டு மடக்கு. ரிலீவர் வந்தாத்தான் எழுந்து போவ முடியும். பழகிப்போச்சு."

இதைக் கேட்ட பிறகு நான் செய்ததை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் அப்புறம் இதை எழுதுவதற்கே அர்த்தமில்லை. நான் மணி பார்த்தேன்.

"நீ பஸ்ஸுல ஏறி வீட்டுக்குப் போயிரு. உன் சைக்கிள இங்கன யார்ட்டயாச்சும் விட்டுட்டு, நான் மட்டும் போய்ச் சேந்துர்றேன். எல்லாரும் வந்து நிப்பாய்ங்கல்ல" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "போ" என்றாள். அவ்வளவுதான். நான் பெடலில் கால் வைத்தேன்.

அப்போதுதான் அந்த ஸ்கூட்டர் வந்து நின்றது. எங்கள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. முன்னால் காய்கறிப் பை, கழுத்தில் ஏதோ கம்பெனியின் அடையாள அட்டை. என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக என் மனைவியிடம் போய்க் குனிந்து கேட்டாள். இவள் காதோடு ஏதோ சொன்னாள். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாண்ணா, ஆறு நாளா கூடவே வர்றீங்க, மூஞ்சியப் பாக்கலயா? நீ ஏறுக்கா. வூடு தோ, ரெண்டாவது தெருவுலதான் கீது. முதல்ல வூட்டுக்கு, அப்பால ஆஸ்பத்திரி." வண்டியைத் திருப்பிக்கொண்டே, "நீங்க சைக்கிளப் பாத்துக்கங்கண்ணா. அதான உங்களுக்கு முக்கியம்" என்றாள்.

ஸ்கூட்டர் போய்விட்டது. நான் இரண்டு சைக்கிள்களையும் பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்றேன். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் சைக்கிளிலிருந்த பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். வந்தவாசியில் காலையில் நிரப்பிய தண்ணீர் கழுத்து வரை அப்படியே இருந்தது.

லைனில் ஓர் ஆள் எழுந்து போக வேண்டுமானால், அந்த இடத்தில் நின்று வேலை பார்க்க ரிலீவர் வர வேண்டும். ரிலீவரை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வது லைன் லீடர். அதாவது, எங்கள் லைனில் நான். தென்மாவட்டத்திலிருந்து காண்டிராக்டில் வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒரு பெண் ஒருநாள் கை தூக்கினாள். அந்த மணிக்கான எண்ணிக்கை குறைவாக இருந்தது. "டீ பிரேக்குக்கு இன்னும் முக்கால் மணி நேரந்தானம்மா" என்று சொல்லிவிட்டேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவளும் சரி அண்ணா என்று குனிந்துகொண்டாள். என் லைன் பெண்கள் யாரும் அடிக்கடி எழுந்து போவதில்லை என்று வீட்டில் பெருமையடித்திருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்தது என் மனைவி.

போன் அடித்தது. நண்பன். விஷயத்தைச் சொல்லி, என்ன செய்வதென்று தெரியவில்லை, உன்னை நம்ப வைத்து ஏமாற்றிவிட்டேன் என்றெல்லாம் உளறினேன்.

"டேய் மாப்ள, நான் ஒரு வருசமா ஒரே எடத்துல உக்காந்துருக்கேன். உனக்கு ஒரு நாள் உக்கார முடியாதா? தங்கச்சியப் போய்ப் பாருடா மொதல்ல" என்றான்.

"வாசல்ல என்ன சொல்லுவ?"

"நடந்ததச் சொல்றேன். வேற என்னத்தச் சொல்ல?"

இரண்டு சைக்கிள்களையும் தள்ளிக்கொண்டு, இரண்டாவது தெருவில் அந்த ஸ்கூட்டர் நின்ற வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ஓர் அறையும், பின்பக்கம் தகரக் கதவு போட்ட குளியலறையுமாக ஒரு சின்ன வீடு. அதற்குள் அந்தப் பெண் இவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், ஊசி போட்டு, மாத்திரையும் வாங்கிக் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தாள். சிறுநீர்ப் பாதையில் கிருமி, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் சிறுநீரகத்துக்குப் போயிருக்கும் என்றாராம் டாக்டர்.

நான் நன்றி சொல்ல ஆரம்பித்ததும் அந்தப் பெண் தடுத்துவிட்டாள். போன வருடம் தனக்கும் இதேதான் வந்து ஷிஃப்ட் பஸ்ஸில் மயங்கி விழுந்ததாகவும், பக்கத்து சீட்டுப் பெண் பார்த்துக்கொண்டதாகவும் சொன்னாள். பேசிக்கொண்டே யூனிஃபார்ம் சட்டையை மாட்டினாள். ஒரு மணிக்கு அவளுக்குக் கம்பெனி பஸ்.

"சோறு வடிச்சிட்டேன், ரசம் கீது. அக்கா தூங்கட்டும், எழுப்பாதீங்க. கிளம்பும்போது பூட்டி, சாவிய பக்கத்து வூட்டுல குடுத்துடுங்க."

ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் எங்களைப் பார்த்தே இராத பெண், தன் வீட்டை எங்களிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அதுவரை அவள் பெயரைக்கூட நாங்கள் கேட்டிருக்கவில்லை.

இரண்டு மணிக்கு நான் அந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி தூங்கினாள். அங்கே கம்பெனி வாசலில் நண்பன் ஊன்றுகோலோடு நின்று, நான் பேச வேண்டியதையெல்லாம் அவனே பேசியிருக்கிறான். வாலாஜாபாத்தோடு நின்றுவிட்டோம், காரணம் இதுதான் என்று மறைக்காமல் சொல்லியிருக்கிறான். கொடுக்க நினைத்தவர்கள் கொடுத்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் மட்டும், பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனால் இப்படித்தான் என்று கிண்டல் போட்டார். எங்கள் இருவரில் நன்றாக ஓட்டுகிறவள் அவள்தான், நின்றதற்குக் காரணம் நான் என்று பதில் போட்டேன்.

சாயங்காலம் சைக்கிள்களை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு வந்தோம். இரண்டு வாரம் கழித்து, உடம்பு சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் வாலாஜாபாத் போனோம். போகலாம் என்றது அவள்தான். "பாதில வுட்ட மாதிரி கீது. முடிச்சிடுவோம்" என்றாள். அந்தப் பெண் வீட்டில் டீ குடித்துவிட்டு, நின்ற அதே பாலத்திலிருந்து மிதிக்க ஆரம்பித்தோம்.

பதினெட்டு கிலோமீட்டரை முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. வழியில் நான்கு முறை நின்றோம். ஒரு கல்யாண மண்டபத்தில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டோம், திறந்துவிட்டார். ஒரு பங்க்கில் சாவி இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். பெட்ரோல் போட வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒரே ஒருநாள் அப்படி நின்றதற்கே எனக்கு முகம் சிவந்தது. அவள் ஆறு நாள் என்ன பட்டிருப்பாள் என்பது அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது.

ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே நண்பன் மட்டும் காத்திருந்தான். பக்கத்தில் எங்களுக்காக வெட்டி வாங்கி வைத்த இரண்டு இளநீர்.

"இம்புட்டு நேரமாடா? ஒத்தக் காலோட நானே நடந்து வந்துருப்பேன்" என்றான். மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். சித்திரை முடிவதற்குள் அவனுக்குக் கால் பொருத்தினார்கள். இப்போது கம்பெனி ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலையில் இருக்கிறான்.

என் லைனில் இப்போது யார் கை தூக்கினாலும் நான் காரணம் கேட்பதில்லை. ரிலீவர் இல்லாவிட்டால் நானே போய் அந்த இடத்தில் நிற்கிறேன். ஒயர் சொருகுவதில் எனக்கு அவர்களுடைய வேகம் கிடையாது, அந்த மணிக்கு எண்ணிக்கை குறைந்துதான் போகும். மீட்டிங்கில் திட்டும் வாங்குகிறேன். ஆனால் அன்று கை தூக்கிய அந்தப் பெண், காண்டிராக்ட் முடிந்து எப்போதோ ஊருக்குப் போய்விட்டாள். அந்த முக்கால் மணி நேரம் அவளுக்கு எப்படிப் போனது என்று கேட்க, இன்றுவரை என்னிடம் அவள் நம்பர்கூட இல்லை.