குகதாசன் முடிந்த இரண்டு கொண்டைகள்

லா சப்பலில் முடி வெட்டும் குகதாசன் யாரென்று கேட்டால், வில்லியே லே பெல்லில் இருக்கும் சுபாங்கியின் தம்பி. இணுவில் பொன்னுத்துரையின் கடைசிப் பெடியன். கனடாவில் இருக்கும் பெரியப்பா, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெறாமகன் பாரிசில் சொந்தமாகச் சலூன் வைத்திருக்கிறான் என்று பெருமை பேசுகிறாரே, அந்தப் பெறாமகன்தான். அப்படி ஒரு சலூன் கிடையாது. நாற்பது வயதாகியும் அவன் புதுச்சேரிக்காரர் ரொபேரின் கடையில் சம்பளத்துக்குத்தான் கத்தரி பிடித்தான்.

கைவேலையில் குறை சொல்ல முடியாது. கதிரையில் வந்து இருக்கிற பெண்ணைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துச் சிரிப்பான். அவளும் சிரித்துவிட்டால் அன்றைக்கு அவனுக்கு அவள்தான் உலகம். ஒருத்தியையும் ஏமாற்ற நினைத்து அவன் தொடங்கியதில்லை. அதுதான் கேடாய்ப் போனது. பிரான்சில் சலூன் திறப்பதென்றால் பிறெவே என்கிற தொழில் சான்றிதழ் வேண்டும், அதற்குச் சோதனை பாஸ் பண்ணியிருக்க வேண்டும். முதல் சோதனையன்று லியோனில் ஒருத்தி அழுகிறாள் என்று ரயிலேறிப் போய்விட்டான். அடுத்த முறை பாடம் சொல்லித் தந்தவளையே காதலித்தான். அவள் கோபித்துக்கொண்டு போன பிறகு புத்தகத்தைத் திறக்கவே மனம் வரவில்லை.

பிறகுதான் யசோதினி வந்தாள். சுபாங்கியின் புருஷனுக்குச் சித்தப்பா மகள், குகதாசனுக்கு மச்சாள் முறை. பிறெவே எடுத்து வைத்திருந்தவள். ஸ்டாலின்கிராட்டில் மெத்ரோ ரயில் பாலத்துக்கு எதிரே ஒரு கடை பார்த்தார்கள். வேலை முடிந்து வந்து, பூட்டிக் கிடந்த கடைக்கு வெளியே நின்று, எந்தச் சுவரில் கண்ணாடி, எந்த மூலையில் தலை கழுவும் தொட்டி என்று இருவரும் கை நீட்டிப் பேசிக்கொள்வார்கள். ஒரு பெண் பக்கத்தில் நிற்கும்போது அவளைத் தவிர வேறொன்றுக்கும் அவன் முதன்முதலாக ஆசைப்பட்டது அங்கேதான்.

அவளுக்கென்று ஒரு கொண்டை போடுவான். இடக்கைக்காரன். ஸ்பிறே அடிக்காமல், முடியை இடப்பக்கமாகச் சுருட்டி, நுனியை உள்ளே மடக்கி, காதோரத்துச் சிறு பின்னலைப் பிறை மாதிரி மேலே வளைத்து விடுவான். கடையில் ஒருவருக்கும் அப்படிப் போடமாட்டான். உமக்கு மட்டும்தான் என்று அவளிடம் சொல்லியிருந்தான். சொன்னபோது அது உண்மையும்கூட.

சுபாங்கியின் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு வந்தது. லா கூர்னெவில் மண்டபம். தாய்மாமன் குகதாசன் பட்டு வேட்டியோடு பிள்ளையின் பக்கத்தில் நின்றான். கலியாணம் கடை திறந்த பிறகோ, பூட்டின பிறகோ என்று மாமிமார் நக்கலடித்தார்கள். சிரித்துச் சமாளித்தான். ஆராத்தித் தட்டு எடுக்கும் பெண்களை வரிசைப்படுத்தினால் ஒரு ஆள் குறைகிறது. தட்டு ஒற்றைப்படையில்தானே வர வேண்டும்? சுபாங்கி தன்னோடு வேலை செய்யும் மன்னார்ப் பிள்ளை டிலானியைக் கையில் பிடித்து இழுத்து வரிசையில் விட்டாள். யசோதினிக்கு நேர் முன்னால்.

அன்று காலையில் யசோதினிக்குத் தலை முடிந்துவிட்டு டிலானி வீட்டுக்கும் அவன் போய் வந்தது சுபாங்கிக்குத் தெரியாது.

மேளத்துக்கு ஏற்ப வரிசை மெல்ல நகர்ந்து வந்தது. யசோதினியின் இரண்டு கையிலும் தட்டு. கண்ணுக்கு முன்னால், டிலானியின் தலையில், அந்தப் பிறை. இடப்பக்கச் சுருள், உள்ளே மடக்கிய நுனி, எல்லாம் அப்படியே. மண்டபத்தின் நீளத்துக்கும் அதைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தாள். எதிரே நின்ற குகதாசன் டிலானியைப் பார்க்கவில்லை. யசோதினியின் முகத்தைத்தான் பார்த்தான்.

அவள் தட்டைக் கொட்டவில்லை. தன் முறை வந்ததும் பிள்ளைக்கு ஆராத்தி எடுத்து, பொட்டும் வைத்துவிட்டுத்தான் வெளியே போனாள். சமையற்கட்டுக் கதவருகில் அவன் போய் நின்றபோது கொண்டையைக் குலைத்துக்கொண்டிருந்தாள். ஊசிகளை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"உங்கடை வாய் பொய் சொல்லும் எண்டு எனக்கு எப்பவோ தெரியும், குகன். கை சொல்லாது எண்டு நினைச்சன்."

டிலானியும் விஷயம் தெரிந்ததும் அவனோடு பேச்சை விட்டாள். அந்த ஸ்டாலின்கிராட் கடையை யசோதினி தனியாகத் திறந்தாள். திறப்பு விழாவுக்குச் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொன்னாள், அவனைத் தவிர.

குளிர் தொடங்கின ஒரு திங்கட்கிழமை, ரொபேரின் கடைக்கு லீவு என்றபடியால் அவன் அங்கே போனான். அவள் கதவடியில் கூட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி அவன் சொன்ன சுவரில்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை; சம்பளத்துக்கு வேலை தருவீரோ என்று கேட்டான்.

"வேலை தெரிஞ்ச ஆள் எனக்கு வேணும்தான்," என்றாள். "ஆனால் கதிரையிலை இருக்கிறவளைப் பாத்து நீங்கள் சிரிக்கேக்கை, பக்கத்திலை நிண்டு என்னாலை வேலை செய்யேலாது. இனிச் சிரிக்கமாட்டீங்களோ?"

எத்தனையோ பேருக்குச் சத்தியம் பண்ணின வாய். ஓம் என்று ஒரு சொல் போதும். அவள் விளக்குமாற்றைப் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்து நின்றாள். அந்தச் சொல்லைக் கேட்க அவளுக்கும் விருப்பம் இருந்தது அவனுக்குத் தெரிந்தது.

"தெரியாது, யசோ," என்றான்.

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

இப்போதும் அவன் ரொபேரிடம்தான். வாசலிலேயே லா சப்பல் ஸ்டேஷன் இருந்தும் வேலை முடிந்து அங்கே ஏறுவதில்லை; பாலத்துக்குக் கீழால் ஸ்டாலின்கிராட் வரைக்கும் நடந்துபோய், கடையில் வெளிச்சம் இருக்கிறதா என்று எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறான். ஏனடா இவ்வளவு பிந்துகிறாய் என்று வீட்டில் சுபாங்கி கேட்டால், நடக்கிறது உடம்புக்கு நல்லதாம் என்கிறான்.