நெளுக்குளத்து அம்மாவுக்கு ஒரு அங்கி

குளத்தில் படகுச் சவாரி தொடங்கியதில் இருந்து இறங்குதுறையில் வேலை செய்கிறவள் நான். ஏற வருகிறவர்களுக்கு உயிர்காப்பு அங்கி மாட்டிவிடுவதும், திரும்பி வந்ததும் கழற்றி வாங்கிக் காயவிடுவதும் என் வேலை. முதல் நாள் மனேஜர் ரவி எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில் சொல்லித் தந்துவிட்டார். நெஞ்சளவைப் பார்த்து அங்கியை எடுக்க வேண்டும். கொளுவிகளைக் கீழிருந்து மேலாகப் பூட்ட வேண்டும். பிறகு தோள்பட்டியைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். ஆளின் தாடை அங்கிக்குள் புதைந்தால் அது பெரிது, மாற்ற வேண்டும்.

இளம் ஆட்களுக்கு இது போதும். வயது போனவர்கள் வரத் தொடங்கியபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. கூன் விழுந்த முதுகில் பின்பக்க ஸ்பொஞ்ச் முட்டி, தலையை முன்னுக்குத் தள்ளும். வயிறு பெருத்தவர் படகுப் பலகையில் இருந்த உடனே அங்கி மேலேறி வாயை மூடும். மூச்சு முட்டுது என்பார்கள். தளர்த்தினால் தாடை புதையும். இறுக்கினாலும் பிழை, தளர்த்தினாலும் பிழை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்பதும் இதைத்தான். ஒரே பதில் என்னிடம் இல்லை. நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஜக்கெற் எது, ஜாக்கெட்டு எது

சனம் குறைந்த ஒரு வேலை நாள். பக்கத்து ஊரான நெளுக்குளத்தில் இருந்து ஒரு தாயும் மகனும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். தாய்க்கு எழுபதுக்குக் கிட்ட இருக்கும், நல்ல மெலிவு. மலையகத்தில் இருந்து வந்து வவுனியாவில் குடியேறிய குடும்பம் என்று கதைத்த விதத்திலேயே தெரிந்தது. மகன் செல்வம் இரண்டு நாளில் கத்தாருக்கு வேலைக்குப் போகிறாராம். குளத்துக்குக் கீழே இத்தனை வருடம் வயல் செய்த அம்மா, குளத்துக்குள் ஒருநாளும் போனதில்லை. தான் கத்தாருக்குப் போவதற்கு முன் அவரைப் படகில் ஏற்ற வேண்டும் என்று கூட்டி வந்திருந்தார்.

அந்த அம்மா துறையில் நாட்டியிருந்த அறிவித்தல் பலகையின் முன்னால் கனநேரம் நின்றார். இருதய நோயாளர், கர்ப்பிணிகள், சுகவீனமானவர்கள் ஏற வேண்டாம் என்று அதில் எழுதியிருக்கும். பிறகு என்னிடம் வந்தார்.

நடுத்தர அளவில் ஒரு சிவப்பு அங்கியைக் கொடுத்தேன். வலது கையை விட்டார். இடது கையை விடவில்லை. அங்கியின் அந்தப் பாதியைத் தோளின் மேல் போட்டபடி, "இப்படியே இருக்கட்டுங்க, நல்லாத்தான் இருக்கு" என்றார். அப்படி ஏற்ற முடியாது என்று சொல்லிப் பெரிய அளவைக் கொடுத்தேன். இடது கையை மெல்ல நுழைத்தார். முகம் சுருங்கியது. கேட்டால், நல்லாத்தான் இருக்கு. நான் கொளுவியைப் பூட்டிவிட்டுத் திரும்புவதற்குள் இடது கை வெளியே வந்துவிட்டது.

"அம்மா, ஜக்கெற் எவ்விடத்தில இறுக்குது?" என்று கேட்டேன்.

"இல்லீங்க தங்கச்சி, புதுசாத் தச்சது. கை நீளமா வைக்கச் சொல்லித்தான் தச்சேன். இறுக்கல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் சொன்னது நான் கொடுத்த அங்கியைப் பற்றி அல்ல, தான் போட்டிருந்த பிளவுஸைப் பற்றி என்று பிடிபடச் சற்று நேரமானது. எங்களுக்கு ஜக்கெற் என்றால் இது, அவர்களுக்கு ஜாக்கெட்டு என்றால் அது. அப்போதுதான் பார்த்தேன், அந்த வெயிலில் மணிக்கட்டு வரை கைவைத்த பிளவுஸ்.

பயமோ என்று நினைத்தேன். கமக்கட்டில் கட்டி ஏதும் இருக்குமோ என்றும் நினைத்தேன். மகனைப் பார்த்தால் அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரவி தூரத்தில் நின்று, என்ன அக்கா சுணக்கம், இரண்டு கையும் போடாமல் ஆளை ஏற்ற வேண்டாம் என்றார். மூன்றாவது அங்கியை எடுத்து, அவருடைய இடது மேல்கையை நானே பிடித்து நுழைக்கப் போனேன்.

பிடித்த கையை விட்டுவிட்டேன். அவருடைய கைக்குள் ஏதோ இரைந்தது. பூனையின் வயிற்றில் கை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. படகின் எஞ்சின் அதிர்வு துறைப் பலகை வழியாக ஏறுகிறதாக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். எஞ்சின் ஓடவில்லை. என் விரல்தான் விறைத்துவிட்டதா என்று உதறிப் பார்த்தேன். திரும்பவும் மெல்லத் தொட்டேன். அது நிற்காமல் இரைந்துகொண்டே இருந்தது.

செம்மஞ்சள் அங்கி

அவரை அறிவித்தல் பலகைக்கு அப்பால் மர நிழலுக்குக் கூட்டிப்போனேன். அங்கேதான் சொன்னார்.

"ரெண்டு ரத்தக் குழாய ஒண்ணாத் தச்சிருக்காங்க தங்கச்சி, ரத்தம் ஓடுறதுதான் அப்படி இரையுது. அதுல ஊசி போட்டுத்தான் ரத்தம் சுத்தம் பண்ணுறது. நாளைக்கும் போகணும். இது அமுங்கி அடைச்சுப் போச்சுன்னா திரும்ப வெட்டணும். சொன்னா ஏத்த மாட்டீங்கன்னுதான் சொல்லல."

பின்னால் வந்து நின்ற செல்வம், அம்மா தன்னிடமும் சத்தியம் வாங்கியிருந்தார் என்றார். நாளைக்கு டயலிசிஸ், மறுநாள் அவருக்குப் பயணம். இன்றைக்கு விட்டால் நாள் இல்லை.

ரவியிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. "தெரியாமல் ஏத்தினால் ஒரு கதை அக்கா. தெரிஞ்சு ஏத்திப்போட்டு நான் யாருக்கு என்ன சொல்லுறது?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. அந்த அம்மா கேட்டதிலும் பிழை இல்லை. ஏற்றாமல் விடுவது பாதுகாப்பா, சரியான அங்கியோடு ஏற்றுவது பாதுகாப்பா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். விஷயம் தெரிந்த ஒருவரைக் கேட்போம் என்று மட்டும் தோன்றியது. செல்வத்திடம் சொல்லி, ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்க்கிற தாதி மிஸ்ஸிக்கு போன் எடுக்க வைத்தேன். அவர் ரவியோடேயே கதைத்தார். பலகையில் இருந்தபடி போய் வரலாம், அந்தக் கையில் எதுவும் அழுத்தக் கூடாது, அந்தக் கையால் எதையும் பிடித்துத் தொங்கக் கூடாது, அந்தக் கையைப் பிடித்து யாரும் ஏற்றி இறக்கவும் கூடாது என்றாராம். ரவி போனைச் செல்வத்திடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, கரையோடு மெதுவாக ஒரு சுற்று, அக்காவும் கூடப் போங்கோ என்றார்.

ஆனால் எந்த அங்கியோடு? எங்களிடம் இருந்த சிவப்பு அங்கிகள் எல்லாம் கைகளை நுழைத்துப் போடுகிறவை. எதைக் கொடுத்தாலும் அந்த இடத்தில் உரசும். அப்போது களஞ்சிய அறையில் கிடக்கும் பழைய செம்மஞ்சள் அங்கிகள் ஞாபகத்துக்கு வந்தன. நடுவில் உள்ள துவாரத்தால் தலையை விட்டு, இடுப்பில் ஒரு பட்டி கட்டுகிறவை. கைக்கு வேலையே இல்லை. போட்டோ எடுக்க அழகில்லை என்று ஒதுக்கினோமே தவிர, அவை பழுதானவை அல்ல. என்றாலும் எனக்குச் சந்தேகம். ஒன்றைத் துறையடியில் தண்ணீருக்குள் அமத்திப் பிடித்து விட்டேன். துள்ளிக்கொண்டு மேலே வந்தது. பட்டியைக் கொளுவி இழுத்துப் பார்த்தேன், நின்றது.

மாட்டியதும் பின்கழுத்தில் குத்துகிறது என்றார். முதன்முதலாகக் குறை சொன்னார், எனக்கு அது நிம்மதியாக இருந்தது. முகம் துடைக்கிற என் துவாயை மடித்துக் கழுத்தடியில் வைத்தேன். பட்டியின் கொளுவியை வலப்பக்கம் திருப்பினேன். தோளில் பிடித்து இழுத்துப் பார்த்தேன், தாடை புதையவில்லை. அவரிடம் கேட்டுவிட்டு, இடது கையை ஒருதரம் தொட்டேன். குழாய் அடைக்காமல் இரைந்துகொண்டிருந்தது.

வலது கையைப் பிடித்து ஏற்றினேன். இடது கை படகின் உள்பக்கம் வரும்படி வலது ஓரத்தில் இருத்தி, பக்கத்தில் நான் இருந்தேன். செல்வம் முன்னால். சுற்றி வர இருபது நிமிடம் ஆகியிருக்கும். என் கண் முழுக்க அந்தக் கையில்தான். கரைக்கு வந்து பார்த்தால் செல்வத்தின் கண் சிவந்திருந்தது. அம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிடித்ததா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

அங்கியைக் கழற்றப் போனேன். "கொஞ்ச நேரம் போட்டுக்கிட்டு இருக்கவாங்க?" என்று கேட்டார். செல்வம் ஓட்டோ பிடித்து வரும்வரை, கரையில், அங்கியோடேயே இருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வயது போனவர்களிடம், அங்கி சரியா என்று நான் கேட்பதில்லை. போக ஆசைப்படுகிறவர் சரி என்றுதான் சொல்வார். தனியே கூட்டிப்போய், எந்த இடத்தில் படக் கூடாது என்று கேட்கிறேன். சிலர் உடனே சொல்வார்கள். சிலர் சொல்லக் கொஞ்ச நேரம் எடுப்பார்கள், அதுவரை படகு நிற்கட்டும்.