கிழக்கே பார்த்துச் சாப்பிட்ட பழம்

துரியான் நாறும் என்று சொல்பவர்களோடு நான் பேச்சே வைத்துக்கொள்வதில்லை. சிங்கப்பூரில் வெல்டராக இருந்த வருடங்களில், சம்பளம் வந்த வாரம் என்றால் கேலாங் தெருவோரக் கடையில் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கூட வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பார்கள். நான் சுளை சுளையாகத் தின்றபடி, இது மழையில் நனைந்து ருசி போன பழம், இது மரத்திலேயே பழுத்துத் தானாக விழுந்த பழம் என்று கடைக்காரரிடம் வம்பளப்பேன். ஊர் திரும்பி, துவாக்குடியில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் முடித்து, ஸ்ரீரங்கத்தில் மாடி வீடு பிடித்துக் குடியேறிய பிறகு, அங்கே விட்டுவந்ததில் நான் ஏங்கியது அந்தப் பழம் ஒன்றுக்குத்தான்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் துரியான் பழமில்லை, மருந்து. குழந்தை இல்லாத பெண் அதைச் சாப்பிட்டால் குழந்தை தங்கும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. லால்குடியில் இருக்கும் என் அம்மா, சீசன் தவறாமல் குன்னூர் மலைப்பாதையில் உள்ள பர்லியாரிலிருந்து ஒரு பழம் வரவழைத்துத் தானே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, வெறும் வயிற்றில், கிழக்கே பார்த்து உட்கார்ந்து என் மனைவி அதைச் சாப்பிட வேண்டும். மேலே ஒரு டம்ளர் பால். மிச்சம் தீரும்வரை அம்மா லால்குடியிலிருந்து தினமும் காலையில் போன் செய்வார், “சாப்பிட்டியாம்மா?” என்று. அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட முட்ட விழுங்குவாள். ஆசையாக நான் ஒரு சுளைக்குக் கை நீட்டினால் அம்மா தட்டிவிடுவார். “ஆம்பளைக்கு எதுக்குடா அது?”

இத்தனைக்கும் பர்லியார் பழம் சுமார்தான். வெளுத்த சதை, அதிலும் நார், பேருக்கு ஒரு பூச்சாக. மீதியெல்லாம் கொட்டை. அம்மா அந்தப் பக்கம் போனதும் அந்தக் கொட்டையைச் சப்பிப் பார்த்து என் ஆசையைத் தீர்த்துக்கொள்வேன்.

பிறகு ஒருநாள் இரண்டு பேரும் புத்தூரில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். பரிசோதனையெல்லாம் முடிந்ததும் அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். அவளிடம் ஒரு குறையும் இல்லை, குறை என்னிடம். வீட்டுக்கு வரும் வழியில் காவிரிப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டினேன். ஆற்றைப் பார்த்துக்கொண்டே, “இது நமக்குள்ளயே இருக்கட்டும், யாருக்கும் தெரிய வேண்டாம்” என்றேன். அவள் என் தோளில் கை வைத்து, “சரிங்க” என்றாள். அந்த ஒரு சொல்லை நான் எவ்வளவு நம்பினேன் என்று இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

போன ஆடிப் பெருக்குக்கு, கோலாலம்பூரில் இருக்கும் என் அக்கா லீவில் வந்தாள். இறுக்கமாக மூடிய டப்பாக்களில் மூன்று ரகத் துரியான், தெர்மாகோல் பெட்டியில். அம்மாவும் சித்தப்பாவும் லால்குடியிலிருந்து வருவதாக இருந்தது. வழக்கமான பர்லியார் பழத்தையும் கொண்டுவரச் சொன்னேன். நான்கையும் வரிசையாக ருசி பார்த்து, துரியான் என்றால் என்ன என்று இந்தக் குடும்பத்துக்கு ஒரு பாடம் நடத்திவிடுவது என்று திட்டம்.

ஹாலில் பேப்பர் விரித்து, ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தேன். அப்படியும் கீழ்வீட்டு மாமி படியில் நின்று, “மாடியில கேஸ் லீக் ஆறதா பாருங்கோ!” என்று குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தோம். நான் நிம்மதியாகச் சிரித்தது அன்றைக்கு அதுதான் கடைசி.

ஒரு ரகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெந்நீரால் வாய் கொப்பளிக்க வேண்டும், இனிப்பில் தொடங்கிக் கசப்புக்குப் போக வேண்டும் என்று சட்டம் போட்டேன். முதலில் உடாங் மேரா. செக்கச் சிவந்த சதை, அசட்டு இனிப்பு, குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். அக்கா டப்பாவைத் திறந்ததும் பெரிய சுளையை என் தட்டில் வைத்தாள். பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது டி இருபத்துநாலு. பாலாடை மாதிரி வழவழப்பு, தொண்டையில் இறங்கும்போது லேசான கசப்பு. சித்தப்பா தன் சுளையைத் தொடாமலே என் தட்டுக்குத் தள்ளினார். “எனக்கு எதுக்குப்பா, நீ சாப்பிடு.” ஒரு ஜாங்கிரிக்காகப் பந்தியில் இடம் மாறி உட்காரும் மனிதர் அவர். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நான் காத்திருந்த முசாங் கிங். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். கொட்டை தட்டை, சதை கனம். நாக்கில் வைத்ததும் கசக்கும், அந்தக் கசப்பின் பின்னாலேயே இனிப்பு வந்து நிற்கும். இதை விளக்கிக்கொண்டே நிமிர்ந்தேன். யாரும் சாப்பிடவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்லா சாப்பிடு தம்பி, உனக்குத்தான் இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தேன்” என்றாள் அக்கா.

அம்மா பர்லியார் பழத்தைப் பிளந்தார். வழக்கம்போல முதல் தட்டு என் மனைவிக்குப் போகும் என்று அவளுக்கு நகர்ந்து இடம் விட்டேன். தட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர் பால். அம்மா என் தோளைத் தொட்டு, இதுவரை என்னிடம் பேசியே இராத ஒரு மெல்லிய குரலில் சொன்னார்.

“கொஞ்சம் திரும்பி உட்காருப்பா. கிழக்கே பார்த்து.”

விஷயம் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்றே பேர். டாக்டருக்கு என் அம்மாவைத் தெரியாது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவள் குனிந்து, பேப்பரில் கிடந்த கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

சமையலறைக்குள் அவள் பின்னாலேயே போனேன்.

“நீதான் சொன்னியா?”

“உங்க அக்காகிட்ட சொன்னேன். அவங்க அத்தைகிட்ட சொல்லியிருக்காங்க.”

“நமக்குள்ளயே இருக்கட்டும்னு சொன்னேன்ல? நீயும் சரின்னியே?”

“சரின்னுதான் சொன்னேன்.” கொட்டைகளைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கை கழுவினாள். “அதுக்கப்புறமும் ரெண்டு சீசன் அத்தை பழம் கொண்டு வந்தாங்க. ரெண்டு தடவையும் நான் தலைக்குக் குளிச்சுட்டு உட்கார்ந்து தின்னேன். நீங்க எதிர்லதான் இருந்தீங்க.”

“அதுக்காக? ஊருக்கே தண்டோரா போடுவியா?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேங்க. நீங்க கொட்டையைச் சப்பிக்கிட்டு இருந்தீங்க.”

அவ்வளவுதான். அழவுமில்லை, குரலை உயர்த்தவுமில்லை. என்ன நியாயம் வேண்டுமானாலும் சொல்லட்டும், கொடுத்த வாக்கு வாக்குதானே? என்னிடம் சண்டை போட்டிருக்கலாம். தட்டை என் முகத்தில் எறிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்குத் தெரியாமல் அக்காவுக்குப் போன் போட்டு, என் வீட்டு ஆட்களையே என்னைச் சுற்றி உட்கார வைத்து, எனக்குப் பிடித்த பழத்தையே கொடுத்து என்னை நிர்வாணமாக்கிவிட்டாள். அதை நான் துரோகம் என்றுதான் சொல்வேன். இன்றைக்கும் சொல்வேன்.

ஹாலுக்குப் போய், கிழக்கே திரும்பி உட்கார்ந்து, அந்த நாரையும் பாலையும் விழுங்கினேன். நான்கு பேர் பார்க்க விழுங்கும்போது ருசி என்று ஒன்று இல்லவே இல்லை. சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது இன்னும் மோசம்.

மறுநாள் காலை, எல்லோரும் லால்குடிக்குப் போன பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். முசாங் கிங் ஒரு டப்பா மீதி இருந்தது. ஒரு சுளையை வாயில் வைத்தேன். அதே மஞ்சள், அதே கனம். நாக்கில் மருந்து நெடி. துப்பாமல் விழுங்குவதே பெரும்பாடாகிவிட்டது. டப்பாவை மேஜையில் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தலைக்குக் குளித்திருக்கவில்லை. முகம் வடக்கேயோ தெற்கேயோ. டப்பாவைத் தன் பக்கம் இழுத்து ஒரு சுளையை எடுத்தாள். மூக்கைப் பிடிக்கவில்லை. நிதானமாக மென்று, கொட்டையைச் சுற்றி ஒட்டியிருந்ததையும் பல்லால் வழித்தாள்.

“முதல்ல கசக்குது,” என்றாள், “பின்னாடியே இனிக்குது. நீங்க சொன்னது சரிதாங்க.” இன்னொன்றை எடுத்தாள். “அந்தச் சிவப்பு ஏதாவது மிச்சம் இருக்கா?”

மேஜையில் இருந்த அவள் போன் அடித்தது. விரலைச் சப்பிவிட்டு, சுத்தமாக இருந்த மற்றக் கையால் எடுத்துக் கேட்டாள். பிறகு போனை என் பக்கம் நீட்டினாள்.

“அத்தை. சாப்பிட்டாச்சான்னு உங்களைக் கேக்குறாங்க.”