கமருன்னிஸா போட்ட வெங்காயம்

கூத்தாநல்லூருக்கு வெளியே ஆற்றுப் படுகையில் முபாரக் வாங்கிப்போட்ட அரை ஏக்கர் மணல் கொல்லை ஆறு வருஷமாகக் கருவை முள் மண்டிக் கிடந்தது. அவன் குவைத்தில் இருந்தான். நெல்லுக்குத் தோதில்லாத அந்த மண்ணைத் திருத்தி, தை மாதம் சின்ன வெங்காயம் ஊன்றினாள் அவன் மனைவி கமருன்னிஸா. தோட்டக்கலைத் துறையின் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்திருந்தாள். அவளுக்கு இருந்த தைரியம் அவ்வளவுதான்.

முப்பதாம் நாள் வெங்காயத் தாளில் வெள்ளி வெள்ளியாகக் கோடுகள் தெரிந்தன. ஒரு செடியை வெள்ளைக் காகிதத்தின் மேல் சாய்த்துத் தட்டினாள். மஞ்சளாகத் தூசு விழுந்தது. உற்றுப் பார்த்தால் தூசு நடந்தது. இலைப்பேன். பதினொன்று எண்ணினாள்.

மறுநாளே நீல அட்டைகளில் பூச்சி ஒட்டப் பசை தடவிக் குச்சியில் கட்டி நட்டாள். வேப்பெண்ணெயில் சோப்புக் கரைசல் கலந்து, தாளின் இடுக்கு நனைய அடித்தாள். ஒரு வாரம் கழித்துத் தட்டியபோது செடிக்கு நாலுதான் விழுந்தது. பேனைத் தின்கிற பொறிவண்டுகளும் வந்திருந்தன. அந்தச் சந்தோஷத்தில் கொல்லையைப் படம் பிடித்து முபாரக்குக்கு அனுப்பினாள். அனுப்பாமல் இருந்திருக்கலாம்.

உடனே கூப்பிட்டான். "என்ன புள்ள, தாளெல்லாம் வெளுத்துக் கெடக்கு?"

"அது பழைய தழும்புங்க. பேன் கொறஞ்சிடுச்சு, எண்ணிப் பாத்துட்டேன்."

"பேன் எண்ணிக்கிட்டு இருக்கியா? ஜஹபரை மருந்து அடிக்கச் சொல்லியிருக்கேன்."

"அடிச்சா வண்டெல்லாம் செத்துடுங்க. ஒரு வாரம் பொறுங்க."

"ஊரு சிரிக்கணுமா?" என்று வைத்துவிட்டான்.

அவன் தம்பி ஜஹபர் மறுநாள் காலை விசைத்தெளிப்பானோடு வந்து நின்றான்.

"என்ன மருந்து, எவ்வளவு கலந்தே? அதையாவது சொல்லு" என்றாள்.

"கடைக்காரர் ரெண்டைக் கலந்து குடுத்தாரு மச்சி. ஸ்ட்ராங்கா இருக்குமாம். நீங்க ஒதுங்கி நில்லுங்க." அண்ணன் மனைவியை அவன் மச்சி என்றுதான் கூப்பிடுவான்.

இரண்டு நாள் கொல்லை துடைத்துவிட்டது போல் இருந்தது. ஜஹபர் வீடியோ எடுத்து அனுப்பினான். அவள் செடியைத் தட்டிப் பார்த்தாள். பேன் விழவில்லை, பொறிவண்டையும் காணோம். பத்தாம் நாள், இடுக்கில் ஒளிந்திருந்தவையும் தாளுக்குள் இருந்த முட்டைகளிலிருந்து பொரித்தவையும் வெளியே வந்தன. தின்பதற்கு வண்டு இல்லை. செடிக்கு நாற்பது வரை எண்ணி, நிறுத்திக்கொண்டாள். ஜஹபர் இன்னும் இரண்டு முறை அடித்தான். மாசி வெயிலில் தாள் நுனியிலிருந்து வைக்கோலாகக் காய்ந்தது. பங்குனியில் பிடுங்கியபோது வெங்காயம் கொண்டைக்கடலை அளவில் இருந்தது.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் முபாரக்கின் குரல் வந்தது: "பொம்பளைங்க வெவசாயம் பண்ணா இப்படித்தான்."

'மருந்து அடிச்சது நான் இல்லை' என்று எழுதி அனுப்பினாள். எல்லோரும் பார்த்தார்கள். சாயங்காலம் ஜஹபர் ஒரு கல்யாணப் பத்திரிகையைப் போட்டதும் ஆளாளுக்கு வாழ்த்தத் தொடங்கினார்கள்.

ஆடியில் முபாரக் விடுப்பில் வந்தான். சாப்பிட்டுக்கொண்டே, "அடுத்த தையில நல்ல மருந்தா நானே அனுப்புறேன். மறுபடியும் போடுறியா?" என்றான். பெருந்தன்மையாகத்தான் கேட்டான்.

"போடலை" என்றாள்.

"ஒரு தடவை நஷ்டமானதுக்கே பயந்துட்டா" என்று அவன் உம்மாவிடம் சொல்லிச் சிரித்தது அடுப்படி வரைக்கும் கேட்டது. கமருன்னிஸா மீன் ஆணத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள்.