நாலாவது நிரல்

அம்மா தையல் பூவுக்கு விலை சொல்லும் முறை எனக்குப் பிடிக்கவில்லை. துணியைத் திருப்பிப் பார்ப்பார், கேட்டவரின் முகத்தைப் பார்ப்பார், பிறகு ஒரு தொகையைச் சொல்வார். ஒரே ரோசாக் கொத்துக்கு மூன்று பேரிடம் மூன்று விலை. இப்போது கணினி வேலையில் இருக்கும் எனக்குப் பட்டியல் இல்லாமல் கடைக்குக்கூடப் போக வராது. பதினொரு வயதிலும் அப்படித்தான்.

தன்னாமுனையில் எங்கள் வீட்டு முன்னறையில் அம்மாவின் மெஷின் இருந்தது. தலையணை உறை, படுக்கை விரிப்பு, குழந்தைச் சட்டை என்று எதிலும் கேட்ட பூவைத் தைத்துக் கொடுப்பார். ஓடர் பிடித்து வருவது மாமி, அப்பாவின் அக்கா. சனிக்கிழமைகளில் மாதிரித் துணிகள் ஒட்டிய அல்பத்தோடு ஏறாவூர் வீடுகளுக்குப் போவார். பத்தில் ஒரு பங்கு அவருக்கு. அதை அம்மா ஒருநாளும் கொமிசன் என்று சொன்னதில்லை. ஒருமுறை காசாக மடித்துக் கொடுப்பார், ஒருமுறை அரிசியாக, ஒருமுறை மாமியின் மகனுக்குப் பள்ளிச் சப்பாத்தாக. மாமா கட்டாரிலிருந்து காசு அனுப்புவது நின்று ஒரு வருடமாகியிருந்தது. அது எங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரியும். வெளியே கேட்டால், பொழுது போகவேணுமே, மச்சாளுக்கும் ஒத்தாசை என்பார் மாமி.

இப்படி ஒழுங்கில்லாமல் கொடுத்தால் மாமிக்கு நட்டம் வரும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு வெள்ளிக்கிழமை சதுரக்கோட்டுக் கொப்பித்தாளில் விலைப்பட்டியல் போட்டேன். முதல் நிரலில் பூவின் வகை, அடுத்ததில் நூல், மூன்றாவதில் கூலி, நாலாவதில் ‘மாமிக்கு’, கடைசியில் மொத்தம். நாலாவதற்கு மட்டும் சிவப்புக் கோடு. யாருக்கும் சொல்லாமல் அல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டு, மறுநாள் மாமியோடு பஸ் ஏறினேன்.

கல்யாணப் பெண்ணின் தாய் ஒருவர் எங்களை உள்ளே இருத்தித் தேத்தண்ணி தந்தார். மகளின் புது வீட்டுக்கு ஆறு சோடி உறை, இரண்டு விரிப்பு. அந்த வருடத்தின் பெரிய ஓடர் அது.

“ஆரு எழுதின? அழகா இரிக்கி,” என்று வாசித்துக்கொண்டு வந்தவரின் விரல் சிவப்புக் கோட்டில் நின்றது. “மாமிக்கு... ஆரு புள்ள இந்த மாமி?”

“இவங்கதான்!” என்று கையைக் காட்டினேன்.

அவர் சிரித்துவிட்டார். “என்னகா தங்கச்சி, மச்சாளுக்காகச் சும்மா கொண்டு வாறன் எண்டுதானே சொன்ன நீங்க?”

மாமி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “புள்ள விளையாட்டுக்கு எழுதியிருக்கு ராத்தா. நான் என்னத்துக்கு எடுக்கிற?”

“அப்ப அதக் கழிச்சிட்டே போடுவமே.”

“ஓம் ராத்தா, கழிச்சிருவம்.”

“இல்ல மாமி, அது உங்கட...” என்று தொடங்கினேன். மாமியின் கை என் முழங்காலில் வந்து இருந்தது. அழுத்தவில்லை, சும்மா இருந்தது.

திரும்பும்போது எனக்குக் கச்சான் கடலை வாங்கித் தந்தார். “எழுத்து வடிவா இருக்கு மனே,” என்றார். இவ்வளவு பெரியவருக்குக் கணக்குத் தெரியவில்லையே என்று நான் கவலைப்பட்டேன்.

வீட்டில் அம்மாவிடம், “நல்ல சனம் மச்சாள், கொஞ்சம் குறைச்சுக் குடுத்திட்டன். அது என்ர பங்கில போகட்டும்,” என்றார். அம்மா அல்பத்தைத் திறந்தார். முதல் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். என்னை ஏசவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த இடத்தில் அவர் கையெழுத்தில் வேறு தாள் இருந்தது. கூலி கூடியிருந்தது, மொத்தம் மாறவில்லை, சிவப்புக் கோட்டைக் காணவில்லை.

“அம்மா, ஒரு நிரல் விடுபட்டுப் போச்சு.”

“விடுபடல்ல,” என்றார், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

அடுத்த சனிக்கிழமை நான் சட்டை மாற்றிக்கொண்டு நின்றேன். “வெயில் கூட, நீ நில்லு மனே,” என்று மாமி தனியாகப் போனார். வாவிப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.

நான் உள்ளே போய், அம்மா மறந்துவிட்ட அந்த நிரலைப் புதுத்தாளில் மறுபடியும் எழுதினேன். இந்த முறை கோட்டை இரண்டாகப் போட்டேன். மாமி வந்ததும் காட்டுவதற்காக வாசலில் காத்திருந்தேன்.