கட்டிலுக்குள் பதின்மூன்று வெள்ளிகள்

முப்பத்திரண்டு வருட அரச சேவையில் பாதியை ஒழுக்காற்று விசாரணைகளில் கழித்தவன் நான். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே பக்கம் பார்த்திருந்த இரண்டு பேர் வேறு வேறு சாட்சி சொன்னால் ஒருவர் பொய் சொல்கிறார் என்பது என் அனுபவம். அந்த ஒருவர் நானாக இருக்க முடியாது என்பதும் அதில் அடக்கம்.

எங்கள் வானவியல் சங்கத்தில் பெயருக்கு ஏழு பேர். விடியப்புறம் இரண்டு மணிக்கு எழும்பி வருபவர்கள் மூன்று பேர்: இளைப்பாறிய கணித ஆசிரியை ஒருவர், குருநகர்க் கடற்தொழிலாளி ஒருவர், நான். ஒவ்வோர் ஆவணியிலும் எரிநட்சத்திர மழையைப் பார்த்து, ஆளுக்கு எத்தனை கண்டோம் என்று படிவம் நிரப்பி, வெளிநாட்டில் இதையெல்லாம் தொகுக்கும் ஓர் அமைப்புக்கு அனுப்புவோம்.

போன வருடம் ஆசிரியை, எங்களுக்கு ரீச்சர், தெற்குப் பக்கம் பார்த்தார். கடற்தொழிலாளியும் நானும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்து வடக்குப் பக்கம் பார்த்தோம். நான் இருபத்தாறு எண்ணினேன். அவர் எழுபத்தொன்று. தொகுப்பாளர்களிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. இருவருக்கும் இடையில் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று பார்க்கவும். காரணம் தெரியாவிட்டால் உங்கள் எண்ணிக்கையை இனிமேல் சேர்ப்பது கடினம். இப்படிப்பட்ட கடிதங்களை நானே நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். மரியாதை கூடக் கூடச் சந்தேகம் கூடும்.

ரீச்சர் வீட்டு விறாந்தையில் கடற்தொழிலாளியை விசாரித்தேன்.

"மேலை சுத்துற செய்மதியையும் சேர்த்து எண்ணினீரோ?"

"இல்லை ஐயா. அது ஆறுதலாப் போகும்."

"பிளேன்?"

"அது மினுங்கும்."

"அப்ப எழுபத்தொண்டு எங்காலை வந்தது?"

"வானத்தாலை ஐயா. காணாததைச் சொல்ல எனக்கென்ன விசரே?"

ரீச்சர் தேத்தண்ணியை நீட்டினார். "சேர், உங்களுக்குப் பென்சன் தந்தவை விசாரணையை நிப்பாட்டச் சொல்ல மறந்திட்டினம் போலை."

அவர் சிரித்தார். கடற்தொழிலாளி சிரிக்கவில்லை. என்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்காத ஆள் அவர். சங்கத்தில் பதவி கேட்டதில்லை, படத்துக்கு முன்வரிசையில் நின்றதில்லை. அப்படிப்பட்டவர்களை நான் கூடுதல் கவனத்தோடு பார்ப்பதுண்டு. குருநகர்க் கடற்கரை ஆள் என்பதாலா சந்தேகித்தேன் என்று கேட்டால், அப்படி நான் எழுத்தில் எங்கும் வைக்கவில்லை. எழுத்தில் வைக்காமல் நினைப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

இந்த வருடத்துக்கு ஒரு நடைமுறையை வகுத்தேன். ஆவணி விடியப்புறத்தில் பூரட்டாதியும் உத்தரட்டாதியும் சேர்ந்து தலைக்கு நேரே ஒரு பெரிய சதுரமாக நிற்கும். சதுரத்துக்குள் பார்த்தால் ஒன்றுமில்லாதது போலிருக்கும். உண்மையில் உள்ளே மங்கலான நட்சத்திரங்கள் பல உண்டு. எத்தனை தெரிகிறது என்பது வானத்தையும் கண்ணையும் பொறுத்தது. எண்ணத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் வெற்றுச் சதுரம் கீறிய தாளில் தான் கண்ட நட்சத்திரங்களைப் புள்ளியிட வேண்டும். பிறகு நான் பிரதியெடுத்து உறையிலிட்டு ஒட்டிக் கொண்டுவரும் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். புள்ளிகள் பொருந்தாதவரும் ஐந்துக்குக் குறைவாகக் கண்டவரும் அறிக்கையிலிருந்து நீக்கப்படுவர். விதிவிலக்கில்லை. முதலாவது நிபந்தனை கடற்தொழிலாளிக்காக எழுதப்பட்டது. இரண்டாவதை, ஒருவரைக் குறிவைத்த மாதிரித் தெரியக்கூடாதென்று சேர்த்தேன். மூவரும் கையொப்பமிட்டோம்.

சாவகச்சேரிக்கு அப்பால் மாடுகள் மேயும் ஒரு தரவைக்குப் போனோம். ரீச்சரின் காரில் போகும்போது, வீதிக்குப் புதிதாகப் போட்ட விளக்குகளைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொன்றையும் சுற்றி ஒளி வளையம் போட்டு எரிகிறது. தரம் குறைந்த விளக்குகளை யாரோ தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று பிரதேச சபைக்கு இரண்டு கடிதம் எழுதியிருந்தேன். பதில் இல்லை. பதில் இல்லாததும் ஒரு வகை ஒப்புதல்தான். முன்னுக்கு இருந்த இருவரும் குனிந்து விளக்குகளைப் பார்த்தார்கள்.

அவர்கள் பாய் விரித்தார்கள். நான் என் சாய்மனைக் கதிரையைப் போட்டேன். கண் இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் விட்டோம். பிறகு, சிவப்புப் பொலித்தீன் சுற்றிய ரோச் லைற்றை மாறி மாறி வாங்கித் தாளில் புள்ளியிட்டோம்.

"இதை நாங்கள் கட்டில் எண்டு சொல்லுறது," என்றார் கடற்தொழிலாளி, மேலே பார்த்தபடி. "நாலு காலும் வடிவாத் தெரியுது. உள்ளுக்குக் கிடக்கிற வெள்ளியளும் தெரியுது."

"கதையாமல் புள்ளியைப் போடும்," என்றேன்.

நான் உறையைக் கிழித்து வரைபடத்தை ரீச்சரிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு தாளாக அதன்மேல் வைத்துப் பார்த்தார். ரீச்சருக்கு ஒன்பது, ஒன்பதும் சரி. கடற்தொழிலாளிக்குப் பதின்மூன்று. பன்னிரண்டு பொருந்தின.

"பதின்மூண்டாவது?" என்றேன். பதினெட்டு மாதம் இழுத்த விசாரணையில் கடைசிச் சாட்சி உளறும்போது வரும் அதே சந்தோசம் வந்தது.

"அது படத்திலை இல்லை," என்றார் ரீச்சர்.

"அந்த மூலையிலை கிடக்குது ஐயா. இப்பவும் கிடக்குது."

"படத்தில் இல்லாதது வானத்தில் எப்படிக் கிடக்கும்?"

ரீச்சர் தாளை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். "பொறுங்கோ சேர். இதிலை என்ன எழுதியிருக்கிறியள்?"

பிரதி எடுத்தவுடன், பழக்கதோசத்தில், "உண்மைப் பிரதி" என்று எழுதிக் கீழே சுருக்கொப்பம் வைத்திருந்தேன். கையொப்பத்தின் வால் சதுரத்தின் மூலைக்குள் நுழைந்திருந்தது. ரீச்சர் தன் கைப்பேசியில் மூலப் படத்தை எடுத்தார். என் மையின் கீழே ஒரு நட்சத்திரம் இருந்தது.

"பதின்மூண்டும் சரி," என்றார். "இனி உங்கடையைத் தாங்கோ."

என் தாளில் மூன்று புள்ளிகள் இருந்தன.

கண்ணாடியைக் கழற்றிச் சாரத்து நுனியால் துடைத்தேன். பனி படிந்திருக்கும் என்றேன். ஆவணியில் என்ன பனி என்று ரீச்சர் கேட்காதது அவருடைய வளர்ப்பு.

"ஐயா," என்றார் கடற்தொழிலாளி, "இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு கிழக்காலை நிக்கிற அந்தப் பெரிய வெள்ளியைப் பாருங்கோ."

பொத்தினேன். எண்ணெய் படிந்த கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு வைத்ததுபோல் ஒரு கலங்கல் தெரிந்தது. மற்றக் கண்ணைப் பொத்தினேன். கொஞ்சம் பரவாயில்லை. கொஞ்சம்தான்.

"எப்ப தெரியும் உமக்கு?"

"போன வருசமே. பெரிய வெள்ளியள் விழேக்கை மட்டும்தான் எழுதினீங்கள். முதலிலை நீங்கள் நித்திரையாக்கும் எண்டு நினைச்சன்."

"அதை ஏன் சொல்லேல்லை?"

"ஐயாவிட்டை எப்பிடிக் கேக்கிறது, நித்திரை கொண்டனீங்களோ எண்டு?"

ரீச்சர் சிரிப்பை அடக்கியது சிவப்பு வெளிச்சத்திலும் தெரிந்தது. பிறகு மெதுவாக, "சேர், வீதி லைற்றுகளுக்கு வளையம் இல்லை," என்றார்.

ஆக, ஒரு வருடமாகக் கடற்தொழிலாளி என்னைச் சந்தேகித்திருக்கிறார். நான் அவரைச் சந்தேகித்ததைவிட அவரிடம் நல்ல ஆதாரம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு பேசாமலும் இருந்திருக்கிறார்.

"மூண்டு எண்டாலும் பரவாயில்லை, ஐயாவையும் போடுவம்," என்றார். "மூண்டும் சரியாத்தானே கிடக்கு."

"அப்படிப் போட முடியாது. ஐந்துக்குக் குறைந்தால் நீக்கம்."

"உங்கடை விதிதானே. மாத்துங்கோவன்."

விதியைத் தன் வசதிக்கு மாற்றிய அதிகாரிகளை வீட்டுக்கு அனுப்பியவன் நான். படிவத்தை வாங்கி, அவதானிப்பாளர் வரிசையில் என் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்தேன். இந்த முறை வால் எங்கும் படாமல் பார்த்துக்கொண்டேன். எண்ணிக்கையைப் பதிபவருக்குக் கண் பற்றி நிபந்தனை எதுவும் விதியில் இல்லை. தாள் கிட்ட இருக்கும், அது தெரியும். ரோச்சை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் "ஒண்டு" என்று சொல்லும்போதெல்லாம் நேரத்தையும் ஆளையும் பதிந்தேன்.

நாலரை மணியளவில், ரோச்சில் சிவப்பாகக் கிடந்த தாள் திடீரென்று வெள்ளையாகியது. என் பேனையின் நிழல் தாளில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடிப் போனது. நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது.

"ஐயா! அந்தப் பெரிய வெள்ளி விழுந்ததைக் கண்டனீங்களோ?"

"இல்லை," என்றேன். "நேரத்தைச் சொல்லும்."